ஒரு நாள் பேர்

இலங்கையின் கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மாலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணிடம் "இன்னைக்குப் பேரா, அரைப் பேரா?" என்று கேட்டால், அவளுடைய பெயரை யாரும் விசாரிக்கவில்லை. பேர் என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோலில் அவளுடைய எண்ணுக்கு நேரே, அன்றைய தேதிக் கட்டத்தில் விழும் ஒரு குறி. சொன்ன கிலோ வந்தால் முழுப் பேர், வராவிட்டால் அரைப் பேர். மாதக் கடைசியில் அந்தப் பேர்களைக் கூட்டித்தான் சம்பளம்.

"இந்த வருஷம் திருவிழாவுக்கு ஆளுக்கு ஒரு பேர்" என்று கோயில் கமிட்டியும் தலைவர்மாரும் பேசி முடிவெடுத்தால், தோட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு நாள் உழைப்பைத் தேருக்கும் அன்னதானத்துக்கும் கொடுக்கிறார்கள் என்று பொருள். அந்தக் காசு கைக்கு வந்துவிட்டுப் போவதில்லை. தோட்ட ஆபீஸிலேயே பிடித்துக் கமிட்டியிடம் கொடுத்துவிடுவார்கள். ஒரு சம்பளத் துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் வாசித்தால் அந்தக் குடும்பத்தின் மாதம் முழுவதும் அதிலே இருக்கும். மேலே வேலை செய்த பேர், அதற்குக் கீழே பிடித்தம்: அட்வான்ஸ், சேமலாப நிதி, சங்கச் சந்தா, தேயிலைத் தூள், கோயில், மரணாதார நிதி. பாட்டன் காலத்துத் துண்டாக இருந்தால் அரிசியும் கம்பளியும், துணி வெளுப்பவருக்கும் முடி வெட்டுபவருக்கும் கொடுத்ததும்கூட இருந்திருக்கும்.

கொழும்பின் பெரிய நிறுவனங்கள் சில ஊழியர்களின் சம்பளத்தில் மாதம் ஒரு தொகை பிடித்து ஆஸ்பத்திரிக்கு நிதி சேர்ப்பதையும், கொடுத்தவர்களின் பெயர்களைப் பளிங்குப் பலகையில் பொறிப்பதையும் புதிய ஏற்பாடாகப் பேசுகின்றன. கேகாலை, இரத்தினபுரி மலைகளில் சம்பளத்திலிருந்து கொடுப்பது மிகப் பழைய பழக்கம். பலகைதான் அங்கே வந்து சேரவில்லை.

கொடுத்தவர் பேரை எழுதி வைப்பது தமிழருக்குப் பழக்கமில்லாதது அல்ல. கோயில் டியூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் 'உபயம்' என்ற எழுத்தைப் பார்க்காத தமிழர் யார்? காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கோயிலோடு சேர்ந்து நடந்த வீரசோழன் ஆதுலசாலையில் 15 கட்டில்கள் இருந்ததை அது சொல்கிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனின் பெயரும், அவருக்கு அளந்த நெல்லும் காசும் அதில் இருக்கின்றன. அதோடு நிற்கவில்லை. அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று அங்கே வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் கல்லில் ஒரு வரி உண்டு. ஆஸ்பத்திரி யாருடைய பணத்தால் எழுந்தது என்பதோடு யாருடைய கைகளால் நடந்தது என்பதையும் எழுத வேண்டும் என்று அந்தக் கல்வெட்டை எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது.

இலங்கையில் அந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் விடுபட்டுப் போனது. கொழும்பு டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடை அது. ஆசியாவின் மிகப் பழைய மகப்பேற்று ஆஸ்பத்திரிகளில் ஒன்று. இன்றுவரை அங்கே பிறக்கும் பிள்ளைகளின் பத்திரங்களில் அவர் பெயர் வாழ்கிறது, வாழ வேண்டியதுதான். சிறுவர் ஆஸ்பத்திரிக்கு ஆளுநர் மனைவி றிஜ்வே சீமாட்டியின் பெயர். அரசாங்க ஆஸ்பத்திரி வாட்டுகளில் நடந்து பார்த்தால் மின்விசிறியிலும் தண்ணீர் வடிகட்டியிலும் சக்கர நாற்காலியின் முதுகிலும் சிங்களத்திலும் தமிழிலும் பெயர்கள் தெரியும். காலமான அம்மாவின் நினைவாக, மகளின் பிறந்தநாளுக்காக, ஓய்வு பெற்ற ஆசிரியரின் புண்ணியத்துக்காக என்று எழுதியிருக்கும். கட்டிலில் கிடக்கிறவர் முகட்டைப் பார்த்தபடியே இரவெல்லாம் அந்த எழுத்துகளை வாசித்துக்கொண்டிருப்பார்.

தோட்டத்து நோயாளிக்காக எழுந்த ஆஸ்பத்திரிகளின் கதை வேறு.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, நடந்து வந்தவர்கள் வழியில் விழுந்து செத்தார்கள். வேலைக்கு உதவாத அளவுக்கு நோயுற்றவர்கள் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, தெருவோரத்தில் கிடந்து செத்தார்கள். இந்தச் சாவுகள் கொழும்புக்கும் இலண்டனுக்கும் அறிக்கைகளாகப் போய்ச் சேர்ந்த பிறகே 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகளைப் பிரித்து, துரைமார் கமிட்டிகளை அமைத்து, அவர்களிடமே வரி வாங்கி ஆஸ்பத்திரி நடத்துவது என்பது ஏற்பாடு. அது சரியாக நடக்கவில்லை. இலைநோய் விழுந்து கோப்பியும் சாய்ந்துகொண்டிருந்தது. 1880களின் தொடக்கத்தில் சட்டத்தை மாற்றினார்கள். ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் நடத்தும், அதற்கான பணம் தோட்டங்களிலிருந்து ஏற்றுமதியாகும் விளைபொருள்மேல் போடும் தீர்வையிலிருந்து வரும் என்று ஆனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். துறைமுகத்தில் தேயிலைப் பெட்டியை நிறுத்து அதன்மேல் தீர்வை வாங்கினால், அந்தப் பெட்டியில் இருக்கும் இலை யாருடைய விரல்களில் ஒடிந்தது? களனிப் பள்ளத்தாக்கில் தேயிலை பரவி, பின்னர் றப்பரும் வந்து, 1903இல் எட்டியாந்தோட்டை வரை சின்ன ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், அந்த வழியே இறங்கிய ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு றப்பர் கட்டும் ஆஸ்பத்திரிக்கான பங்கைத் தன்மேல் சுமந்துகொண்டுதான் போனது. கணக்கில் அதைக் கட்டியவர் தோட்டத்துக் கம்பனி. செக்ரோலில் பேர் விழுந்தவர்களின் பெயர் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

1912இல் சட்டம் இன்னும் இறுகியது. அந்த ஆண்டின் நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச் சட்டம், நோயாளியைப் பார்க்கவும் அறிவிக்கவும் தோட்டத் துரையைக் கடமைப்படுத்தியது. பிள்ளை பெற்றவளை ஒரு மாதத்துக்கு வேலைக்கு அனுப்பக் கூடாது, சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றது. தோட்டத்திலேயே டிஸ்பென்சரியும் தகுதியுள்ள மருந்தாளரும் வைத்திருந்தால் தீர்வையில் ஒரு பகுதி துரைக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு துண்டு தேவைப்பட்டது. தோட்டத்து ஆள்தான், அனுப்பியது தோட்டம்தான் என்று எழுதிய காகிதம். அந்தத் துண்டு கிடைக்கக் கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் நிற்க வேண்டியிருந்தது. சபரகமுவத் தோட்டங்களின் பழைய ஆட்களுக்கு 'துண்டு' என்ற சொல்லைக் கேட்டாலே குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும். தோட்டம் விட்டுத் தோட்டம் போகவும் துண்டு, நோய்க்கு மருந்து கேட்கவும் துண்டு.

மருத்துவத் தேவைகள் சட்டம் முதலில் வந்த அதே 1870களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் சம்ப்சன் கேம்ஜி என்ற அறுவை மருத்துவர் ஒரு யோசனை சொன்னார். பஞ்சை வலைத்துணிக்குள் வைத்துக் கட்டும் 'கேம்ஜி' கட்டு அவர் பெயரில்தான் இன்றும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. தொழிற்சாலைகளில் சனிக்கிழமை பின்னேரம் ஓய்வு. அந்த ஓய்வு நேரத்தில் ஒரு நாள் வேலை செய்து, அதற்குரிய கூலியை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கலாம் என்றார். 1873இல் 'ஆஸ்பத்திரிச் சனிக்கிழமை' நடந்தது. அடுத்த ஆண்டு இலண்டனிலும் நடந்தது. ஒரு பின்னேர வேலையையே கொடையாக்கிய அந்தச் செய்தியை எட்டியாந்தோட்டைக்காரரிடம் சொன்னால் அவருக்கு விளக்கம் தேவைப்படாது. பேர் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கொடுத்த பிறகு நடந்தது வேறு. வாரம் ஒரு பென்னி கொடுத்த பிரித்தானியத் தொழிலாளர், காலப்போக்கில் பல ஆஸ்பத்திரிகளின் நிர்வாக சபைகளில் இடம் கேட்டு வாங்கினார்கள். வேல்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊரான ட்ரெடிகரில் 1890இல் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் உருவானது. சம்பளத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் சில பென்ஸ் பிடிப்பார்கள். அந்தப் பணத்தில் சங்கமே டொக்டர்களை வேலைக்கு அமர்த்தியது. அந்தச் சங்கத்தின் கமிட்டியில் இருந்து பழகிய சுரங்கத் தொழிலாளி அனைரின் பெவன், பின்னாளில் அமைச்சராகி 1948 ஜூலை 5இல் பிரித்தானிய தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிவைத்தார். ட்ரெடிகரில் தாம் செய்ததையே நாடு முழுவதற்கும் செய்ததாக அவர் கருதினார். சம்பளத்தில் பிடித்த பென்னி ஒரு நாட்டின் மருத்துவத்தையே மாற்றியது, பென்னியைக் கொடுத்தவனுக்குக் கமிட்டியில் ஒரு நாற்காலி இருந்ததால்.

கேகாலையின் வரலாற்றில் கொடையும் நோயும் மிக நெருங்கி வந்த காலம் 1934-35. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் கொசு பெருகி மலேரியா பரவியது. வழக்கமாக மலேரியா குறைவான ஈர நிலம் இது. ஆகவே மக்களின் உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இருக்கவில்லை. சில மாதங்களில் தீவு முழுவதிலும் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கேகாலை முதல் வரிசையில் நின்றது. ஆஸ்பத்திரி விறாந்தைகளில் பாய் விரிக்க இடமில்லை.

அப்போது உதவிக்கு இறங்கியவர்களில் 'சூரிய மல்' இயக்கத்து இளைஞர்களும் இருந்தார்கள். சூரிய மல் என்பது தமிழில் பூவரசம்பூ. முதலாம் உலகப்போரில் இறந்தவர்களுக்காக நவம்பர் 11இல் 'பொப்பி' என்ற சிவப்புப் பூவை விற்றார்கள். காசு போட்டவர் அதை நெஞ்சில் குத்திக்கொள்வார். கொடுத்தவரை ஊருக்குக் காட்டும் அடையாளம் அது. சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. இலங்கைப் படைவீரருக்குக் கிடைத்தது கொஞ்சம். அதை எதிர்த்து, அதே நாளில் மஞ்சள் பூவரசம்பூவை விற்று, பணத்தை இங்கேயே செலவழிப்போம் என்று 1930களின் தொடக்கத்தில் எழுந்ததுதான் சூரிய மல் இயக்கம். ஒரு பூவை எந்த நெஞ்சில் குத்துவது, யாருக்காகக் குத்துவது என்ற கேள்வியிலிருந்து இந்த நாட்டின் இடதுசாரி அரசியல் முளைத்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள்.

அந்த இளைஞர்கள் கேகாலைப் பக்கத்துக் கிராமங்களில் கொயினாவும் சாப்பாடும் கொண்டுபோனார்கள். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்றவர்கள், வெறும் கொயினா போதாது, பட்டினி கிடக்கும் உடம்பில் மருந்து நிற்காது என்று கண்டார்கள். அவர்களோடு வீடு வீடாகப் பருப்புக் கொடுத்த கலாநிதி என். எம். பெரேராவுக்குச் சனங்கள் வைத்த பெயர் 'பருப்பு மாத்தயா'. 1935 டிசம்பரில் இவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். 1936இல் அரசாங்க சபைத் தேர்தலில் ருவன்வெல்லை மக்கள் பருப்பு மாத்தயாவையே தெரிவு செய்தார்கள். கொடுத்தவருக்குச் சனங்கள் தாங்களாகவே சூட்டிய அந்தப் பட்டம் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. ஆனால் அதன் பலன் ஒரு தேர்தல் வெற்றியாகவே வந்தது.

தோட்டத்துக்காரர்கள் வாக்கு என்ற அந்த வழியையும் இழந்தார்கள். பெவனின் சேவை பிரித்தானியாவில் தொடங்கிய அதே 1948இல், நவம்பர் 15ஆம் தேதி, இலங்கையில் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக, தலைமுறை தலைமுறையாகப் பேர் போட்டவர்கள் வாக்காளர் இடாப்பில் பேர் இல்லாதவர்கள் ஆனார்கள். 1964இல் இந்தியாவுடன் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று எண்ணிக்கையில் பிரித்தது. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டை, தெரணியகலைத் தோட்டங்களில் இருந்து குடும்பங்கள் தலைமன்னாருக்கு ரயிலேறின. ஒரே லயத்தில் அண்ணன் போனான், தம்பி நின்றான். அவர்கள் எழுப்பிய கோயில்கள் நின்றன. தீர்வையாகவும் பிடித்தமாகவும் அவர்கள் தாங்கிய ஆஸ்பத்திரிகளும் நின்றன. கோயிலிலாவது ஒரு குத்துவிளக்கின் அடியில், ஒரு மணியின் விளிம்பில் போனவர்களின் பெயர் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் தேடினால் கிடைக்காது.

இந்தத் தலைமுறையில் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டும் முறை மாறியிருக்கிறது. 2011இல் தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறைவரை 670 கிலோமீட்டர் தூரத்தை 27 நாட்களில் நடந்து பணம் சேர்த்தார்கள். நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவே ஆகிய இருவர் முன்னின்ற 'ட்ரெயில்' நடை அது. அவர்கள் ஆடைத் தொழிற்றுறையில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக எழுந்தது. அந்த ஆஸ்பத்திரிக்குக் கொடையாளி எவருடைய பெயரையும் வைக்கவில்லை. நடந்த நடையின் பெயரே, ட்ரெயில் என்றே, அதற்கு நிலைத்துவிட்டது. கால் கடுக்க நடந்த எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. 2016இல் காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்காக மறுபடியும் நடந்தார்கள். இம்முறை வடக்கிலிருந்து தெற்கே. பெயர் வைப்பதில் இதைவிட நல்ல வழியை இந்த நாட்டில் எவரும் இதுவரை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

அதே 2016இல் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு 'பெற்' ஸ்கேன் இயந்திரம் வாங்க, புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை முன்னின்ற கதீஜா அறக்கட்டளை 20 கோடி ரூபாய் திரட்ட இறங்கியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். நாடெங்குமிருந்து நோயாளிகள் வரும் ஆஸ்பத்திரி அது. கேகாலைத் தோட்டங்களிலிருந்தும் விடியுமுன் பஸ் பிடித்து மகரகமவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேகாலைத் தோட்டத்துப் பெயர்கள் வெளியே தெரியாமல் போவது அந்த ஆண்டும் நடந்தது. 2016 மே 17. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில், அதே கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டியவின் களுப்பானைத் தோட்டத்து லயங்கள்மேலும் மண் இறங்கியது. அடுத்த சில நாட்கள் தொலைக்காட்சியில் எந்நேரமும் அரநாயக்க. களுப்பானை எப்போதாவது வந்து போனது. அங்கே இறந்தவர்களின் பெயர்கள் செக்ரோலில் இருந்தன.

2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் சேர்வதைப் பார்க்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவம் இலவசம். ஆனால் இதய அறுவைக்குக் கொழும்புக்குப் போகிறவருக்கு வேனுக்கு வேண்டும், வெளியில் எடுக்கச் சொல்லும் மருந்துக்கு வேண்டும், துணைக்கு நிற்கிறவர் வேலைக்குப் போகாத நாட்களுக்கு வேண்டும். அப்போது ஒரு கொப்பி புறப்படும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்கக் கொப்பி. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நோயாளியின் பெயர், என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி. தோட்டத் தலைவரோ கோயில் கமிட்டி ஆளோ அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சம்பள நாள் பின்னேரம் மேல் லயத்திலிருந்து தொடங்குவார். கல்யாண வீட்டு மொய் நோட்டு எப்படியோ அப்படித்தான் இதுவும். பெயர், காம்பரா எண், தொகை. இருநூறு, ஐந்நூறு. சிலர் ஒரு பேர் என்று எழுதச் சொல்வார்கள். அடுத்த சம்பளத்தில் தருவதாக அதற்கு அர்த்தம்.

கொடுக்க முடியாதவர் வீட்டையும் தாண்டிப் போக மாட்டார்கள். "இருக்கிறதைக் குடுங்கக்கா, பேரு இருக்கணும்" என்பார்கள். அவர் இருபது ரூபாய் கொடுத்தாலும் அந்த இருபதை எழுதுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் திரும்பி வந்ததும் கொப்பி அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். தகரப் பெட்டியில், பிறப்புச் சான்றிதழ்களுக்கும் அடையாள அட்டைக்கும் பக்கத்தில் அது கிடக்கும். அடுத்த லயத்தில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், வேறொரு கொப்பி மேட்டில் ஏறி வரும். அப்போது வீட்டுக்காரி முதலில் பெட்டியைத் திறந்து பழைய கொப்பியை எடுத்து, அந்த வீட்டார் பெயர் எந்தப் பக்கத்தில், எவ்வளவு என்று விரல் வைத்துத் தேடுவாள்.